ஆப்பிள் சாமியார்: கொர்பீனியன் ஐக்னர் அடிகளாரின் வாழ்க்கை



நம் கோவில் வளாகத்தில் நிழல் தந்து நிற்கும் மரங்களை நட்டவர்கள் யார் என்று கேட்டால், நம்மில் வயது முதிர்ந்தவர்கள்கூடச் சற்று யோசிக்கத்தான் வேண்டும். நட்டவர்களின் பெயர் மறைந்துவிட்டது. நிழல் மட்டும் நிலைத்திருக்கிறது. திருவிழா நாளில் வெயிலுக்கு ஒதுங்கும் தாய்மார்களும், ஞானோபதேச வகுப்பு முடிந்து ஓடிவரும் பிள்ளைகளும் அந்த நிழலை அனுபவிக்கிறார்கள். ஒரு பங்கின் ஐம்பது ஆண்டு வரலாறும் ஏறக்குறைய இப்படிப்பட்டதே.

ஆகவே இந்தப் பொன்விழா மலரில், மரம் நட்ட ஒரு பங்குக் குருவின் வாழ்க்கையை உங்களுக்குச் சொல்வது பொருத்தம் என்று எண்ணினோம். அவர் புனிதர் பட்டம் பெற்றவர் அல்லர். ஜெர்மனி நாட்டின் தென்பகுதியான பவேரியாவில், சிறு கிராமங்களில் பூசை வைத்து, பிள்ளைகளுக்கு மறைக்கல்வி கற்பித்து, மீதி நேரத்தில் பழமரங்களைப் பேணி வாழ்ந்தவர். அந்நாட்டு மக்கள் அவரை ஆப்பிள் சாமியார் என்றே அழைத்தார்கள். அந்தப் பெயராலேயே அவர் இன்றும் அங்கே பேர்பெற்று விளங்குகிறார். கொர்பீனியன் ஐக்னர் என்பது அவரது இயற்பெயர்.

பிறந்த மண்

ஐக்னர் அடிகளார் 1885-ஆம் ஆண்டு மே மாதம் 11-ஆம் நாள், மியூனிக் நகருக்கு வடகிழக்கே உள்ள ஹோஹென்போல்டிங் என்னும் சிற்றூரில் பிறந்தார். விவசாயக் குடும்பம். பதினொரு பிள்ளைகளில் அவரே மூத்தவர். அவருக்கு இடப்பட்ட ஞானஸ்நானப் பெயர் அந்தப் பகுதிக்கே உரியது. ஃப்ரைசிங் மறைமாவட்டத்தின் பாதுகாவலர் புனித கொர்பீனியன் எட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆயர். அவர் உரோமைக்குப் பயணம் செய்தபோது, சுமை தூக்கிய விலங்கை ஒரு கரடி கொன்றுவிட, அந்தக் கரடியின் முதுகிலேயே சுமையை ஏற்றிச் சென்றார் என்று மரபு கூறுகிறது. திருத்தந்தை பதினாறாம் பெனடிக்டின் விருதுச் சின்னத்தில் காணப்பட்ட கரடி இதுவே.

அடிகளாரின் கதையைப் புரிந்துகொள்ள அந்த மண்ணையும் சற்று அறிந்துகொள்ள வேண்டும். ஆல்ப்ஸ் மலைத்தொடருக்கு வடக்கே, கடல் மட்டத்திற்கு ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்தில் அமைந்த மேட்டு நிலம் அது. குளிர்காலத்தில் நிலம் உறைந்து கெட்டியாகிவிடும். கோடையிலும் அடிக்கடி மழை பெய்யும். மா, வாழை, தென்னை ஒன்றும் அங்கே தலைகாட்டாது. ஆனால் ஆப்பிள் மரத்திற்கு அந்தக் குளிரே தேவைப்படுகிறது. குளிர்காலத்தில் பல நூறு மணி நேரம் நல்ல குளிரில் உறங்கினால்தான் அதன் மொட்டுகள் வசந்தத்தில் ஒழுங்காக விழித்துப் பூக்கும். குளிர் போதாவிட்டால் பூ தாறுமாறாக வரும், காய்ப்பும் குன்றும். நமக்குக் கஷ்டமாகத் தோன்றும் பருவம் அந்த மரத்திற்குப் பிழைப்பாக இருப்பதைப் பாருங்கள்.

என்றாலும் தொல்லைகள் இல்லாமல் இல்லை. பூக்கும் காலத்தில் இரவு உறைபனி விழுந்தால் ஒரே இரவில் அந்த ஆண்டின் விளைச்சல் போய்விடும். மே மாதம் 11 முதல் 15 வரையுள்ள நாட்களை ஜெர்மானிய விவசாயிகள் பனிப் புனிதர்களின் நாட்கள் என்கிறார்கள். புனிதர்கள் மமெர்த்துஸ், பங்கிராஸ், செர்வாசியுஸ், போனிப்பாசியுஸ், சோபியா ஆகியோரின் திருநாட்கள் அவை. அந்நாட்கள் கடந்தால்தான் உறைபனியின் பயம் நீங்கிற்று என்று அவர்கள் மூச்சு விடுவார்கள். நம் அடிகளார் பிறந்தது அந்த வரிசையின் முதல் நாளில் என்பதை இங்கே சொல்லிவைக்கிறோம்.

வீட்டைச் சுற்றி ஒரு தோட்டம்

அந்நாட்டுக் கிராமங்களில் ஏறக்குறைய ஒவ்வொரு வீட்டைச் சுற்றிலும் பழமரங்கள் உண்டு. உயரமாக வளர்ந்த மரங்களை நல்ல இடைவெளி விட்டு நட்டிருப்பார்கள், அடியில் புல் வளரும், மாடுகள் மேயும். குளிர் தாங்காத பேரி மரத்தை வீட்டின் தெற்குச் சுவரோரம் நட்டு, கிளைகளைச் சுவரோடு சுவராகப் பரப்பிக் கட்டிவிடுவார்கள். பகலில் சுவர் வாங்கிய வெயிலின் சூடு இரவில் மரத்திற்குக் கிடைக்கும். பழுத்தவற்றைப் புதிதாக உண்பார்கள்; சாறு பிழிவார்கள்; பேரிக்காயை உலர்த்தி வைத்துக் கிறிஸ்து பிறப்புக் காலத்தில் அதைக் கொண்டு ரொட்டி சுடுவார்கள். நல்ல ஆப்பிள்களை நிலவறையில் அடுக்கி வசந்தம் வரை காப்பாற்றுவார்கள். பச்சைக் காய்கறி கிடைக்காத அந்த நீண்ட குளிர்காலத்தில் ஏழைக் குடும்பத்தின் பிள்ளைகளுக்கு அந்த ஆப்பிள்தான் பழம்.

மழை மிகுந்த இடத்தில் மரம் வளர்ப்பதற்குத் தனி அறிவு வேண்டும். தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் நட்டால் வேர் அழுகும். ஆகவே சற்று மேடான இடத்தில் நட வேண்டும். இலை நெடுநேரம் ஈரமாக இருந்தால் காளான் வகைச் சொறிநோய் பற்றி, இலையிலும் பழத்திலும் கரும்புள்ளிகள் விழும். ஆகவே காற்றும் வெளிச்சமும் உள்ளே புகும்படி கவாத்து செய்ய வேண்டும். உதிர்ந்த இலைகளில் அந்த நோய் குளிர்காலம் முழுவதும் தங்கியிருக்கும். ஆகவே அவற்றைக் கூட்டி அப்புறப்படுத்த வேண்டும். பெரும்பாலான ஆப்பிள் மரங்கள் தம் சொந்த மகரந்தத்தால் காய்ப்பதில்லை. ஆகவே அருகில் வேறு இன மரம் ஒன்றாவது இருக்க வேண்டும். அது அண்டை வீட்டுத் தோட்டத்து மரமாகவும் இருக்கலாம். தனி மரம் தோப்பாகாது என்று நாம் சொல்வது அங்கே காய்ப்பிற்கும் பொருந்துகிறது.

இன்னொன்றையும் இங்கே விளக்கவேண்டும். பின்னால் வரப்போகும் நிகழ்ச்சி அதனால்தான் விளங்கும். ஆப்பிள் விதையைப் போட்டால் தாய் மரத்தைப் போன்ற மரம் வராது. ஒவ்வொரு விதையும் ஒரு புதிய இனம். ஒன்று இனிக்கலாம்; பெரும்பாலானவை புளித்தோ கசந்தோ போகும். நல்ல இனத்தை அப்படியே பெற வேண்டுமானால், குளிர்காலத்தில் அந்த மரத்தின் குச்சியை வெட்டி, வசந்தத்தில் வேறொரு வேர்ச்செடியில் ஒட்டுக்கட்ட வேண்டும். ஒட்டு மாங்கன்று நட்டவர்கள் இதை அறிவீர்கள். விதையிலிருந்து புதிய இனம் காண விரும்புகிறவனோ பொறுமைசாலியாக இருக்க வேண்டும். விதை முளைப்பதற்கே இரண்டு மூன்று மாதம் ஈரத்திலும் குளிரிலும் கிடக்க வேண்டும். முளைத்தது பூத்துக் காய்க்க ஏழெட்டு ஆண்டுகளும் ஆகலாம். அதுவரை அது நல்லதா கெட்டதா என்று ஒருவருக்கும் தெரியாது.

குருத்துவ அழைத்தல்

மூத்த மகன் என்ற முறையில் பண்ணை அவருக்கே வந்து சேர வேண்டியது. அவர் அந்த உரிமையைத் துறந்து குருமடம் புகுந்தார். நிலத்தை விட்டாரே தவிர, மரங்களின் மேல் வைத்த பாசத்தை விடவில்லை. குருமட மாணவராக இருந்த 1908-ஆம் ஆண்டிலேயே, தமது இருபத்து மூன்றாம் வயதில், சொந்த ஊரில் பழ வளர்ப்போர் சங்கம் ஒன்றை நிறுவினார். 1911-ஆம் ஆண்டு குருப்பட்டம் பெற்றார்.

அவரைப் பற்றி மேலிடத்தில் ஒரு குறை இருந்தது. இவர் இறையியலைவிடப் பழ இயலில் அதிகம் தேர்ந்தவர் என்று பெரியவர்கள் கருதினார்கள். குருமடத்தில் பயின்ற எவருக்கும் இந்தக் குறை எவ்வளவு பாரமானது என்பது தெரியும். ஒரு குரு தம் நேரத்தை எதில் செலவிடுகிறார் என்று மேலதிகாரிகள் கேட்பது நியாயமே. அடிகளாரோ தம் பணியை விடவில்லை, மரங்களையும் விடவில்லை. கிராம மக்களின் வீட்டுத் தோட்டத்தில் நின்றுகொண்டே அவர்களோடு பேசும் குருவாக அவர் வாழ்ந்தார். பல பங்குகளில் உதவிக் குருவாகவும், ஷையர்ன் என்னுமிடத்தில் பெனடிக்ட் சபை மடத்துப் பள்ளியில் சித்திர ஆசிரியராகவும் பணியாற்றிய பின், 1931-ஆம் ஆண்டு ஸிட்டன்பாக் என்னும் ஊரின் பங்குக் குருவானார்.

சித்திரக் கலை அவருக்கு இயல்பாக வந்தது. தாம் கண்ட ஆப்பிள், பேரி இனங்களை எல்லாம் அஞ்சலட்டை அளவுள்ள அட்டைகளில் வண்ணம் தீட்டி வைத்தார். பெரும்பாலும் இரண்டிரண்டு பழங்களாக, நிறமும் வடிவும் உள்ளது உள்ளபடியே தெரியும்படி வரைந்தார். அலங்காரம் ஏதும் அவற்றில் இல்லை. ஒரே பழத்திற்கு ஊருக்கு ஒரு பெயர் வழங்கிய அக்காலத்தில், எது எந்த இனம் என்று அடையாளம் காண அப்படங்கள் பயன்பட்டன. இப்படி ஏறத்தாழ 900 படங்களைத் தம் வாழ்நாளில் வரைந்து முடித்தார்.

இருண்ட காலம்

1923-ஆம் ஆண்டில் அடிகளார் ஹிட்லரின் கட்சிக் கூட்டம் ஒன்றிற்குச் சென்று அவன் பேச்சை நேரில் கேட்டார். அன்றே அந்தக் கொள்கையின் நஞ்சை உணர்ந்துகொண்டார். அந்தக் கட்சி 1933-இல் ஆட்சிக்கு வந்த பின்பும் அவர் மனம் மாறவில்லை. கோவிலில் சுவஸ்திகாக் கொடி ஏற்ற மறுத்தார். கட்சி விழாவுக்குக் கோவில் மணி அடிக்க மறுத்தார். ஹிட்லரின் பெயரான அடால்ஃப் என்பதைப் பிள்ளைகளுக்கு இட்டு ஞானஸ்நானம் கொடுக்க மறுத்தார் என்றும் சொல்லப்படுகிறது. பிரசங்கங்களிலும் அவர் நாவை அடக்கவில்லை. விளைவாகத் தொல்லைகள் பெருகின. 1937-இல் அவர் ஃப்ரைசிங் நகருக்கு அருகிலுள்ள ஹோஹென்பெர்கா என்னும் சிற்றூருக்கு மாற்றப்பட்டார்.

1939-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் மாலை, மியூனிக் நகரின் ஒரு மண்டபத்தில் ஹிட்லர் பேசினான். கெயோர்க் எல்சர் என்னும் தச்சுத் தொழிலாளி அங்கே வெடிகுண்டு மறைத்து வைத்திருந்தார். ஹிட்லர் வழக்கத்தைவிட முன்னதாகப் பேச்சை முடித்துக்கொண்டு வெளியேறிவிட்டான். பதின்மூன்று நிமிடங்கள் கழித்துக் குண்டு வெடித்தது; எட்டுப் பேர் மாண்டனர்.

மறுநாள் ஹோஹென்பெர்கா பள்ளியில் அடிகளார் மறைக்கல்வி வகுப்பு நடத்தினார். நாடெங்கும் ஒரே பேச்சாக இருந்த நிகழ்ச்சி வகுப்பிலும் எழுந்தது. குண்டு வைத்தவன் நினைத்த காரியம் பாவம்தானா என்று தமக்கு நிச்சயமாகத் தெரியவில்லை என்றும், அது நிறைவேறியிருந்தால் ஒருவேளை பத்து லட்சம் உயிர்கள் தப்பியிருக்கலாம் என்றும் அவர் பிள்ளைகளிடம் சொன்னார். பள்ளியில் பணிபுரிந்த ஆசிரியை ஒருவர் அச்செய்தியை மேலிடத்திற்குத் தெரிவித்தார். அதே மாதத்தில் அடிகளார் கைது செய்யப்பட்டார்.

பங்குமக்களே, இங்கே சற்று நிற்போம். கொலை செய்யாதிருக்கக் கடவுள் இட்ட ஐந்தாம் கட்டளையை நாம் அனைவரும் அறிவோம். கொடுங்கோலனைக் கொல்வது ஆகுமா என்பது திருச்சபையின் பழைய வினாக்களுள் ஒன்று. புனித தோமாஸ் அக்குவினாஸ் அதை ஆராய்ந்திருக்கிறார். குடிமகன் எவனும் தன் எண்ணம்போல் கொடுங்கோலனைக் கொல்லலாம் என்ற கருத்தை 1415-இல் கொன்ஸ்தான்ஸ் சங்கம் கண்டித்திருக்கிறது. அடிகளார் இவற்றை எல்லாம் படித்தவர். அவர் கொலையைப் போற்றவில்லை. பிள்ளைகளைத் தூண்டவும் இல்லை. தம் மனச்சான்றுக்கு விடை தெரியாத இடத்தில், தெரியவில்லை என்று சொன்னார். அரசு சொல்லச் சொன்ன பதிலைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. போர் தொடங்கி இரண்டே மாதம் ஆகியிருந்த அந்நாளில் பத்து லட்சம் என்பது பலருக்கு மிகையாகத் தோன்றியிருக்கும். போர் முடிந்தபோது மாண்டவர்களின் தொகை பல கோடி.

வகுப்பறையில் சொன்ன அந்த ஓரிரு வாக்கியங்களுக்கு அவர் செலுத்திய விலை ஐந்தரை ஆண்டுகள்.

27788

நீதிமன்றம் விதித்தது ஏழு மாதச் சிறை. அது முடிந்ததும் விடுவிப்பதற்குப் பதிலாக, அவரை ஸாக்ஸன்ஹவுஸன் என்னும் வதை முகாமுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து 1941-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் நாள் மியூனிக் அருகிலுள்ள டாஹாவ் முகாமுக்குக் கொண்டுவந்தார்கள். கொர்பீனியன் ஐக்னர் என்னும் பெயர் பறிக்கப்பட்டது; 27788 என்னும் எண் கொடுக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது ஐம்பத்தாறு. சொந்த ஊரிலிருந்தும் தம் பங்கிலிருந்தும் அதிகத் தொலைவில்லாத இடத்தில், முள்வேலிக்குள் அவர் அடைபட்டுக் கிடந்தார்.

டாஹாவில் குருக்களைத் தனிக் கொட்டடிகளில் அடைத்து வைத்திருந்தார்கள். போர் முடியும்வரை அந்த முகாமில் அடைக்கப்பட்ட மறைப்பணியாளர்கள் 2,720 பேர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் கத்தோலிக்கர். பெரும்பகுதியினர் போலந்து நாட்டவர். 1,034 பேர் அங்கேயே மாண்டனர். கார்மேல் சபைத் துறவி தீத்துஸ் பிராண்ட்ஸ்மா 1942-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாள் அங்கே கொல்லப்பட்டார். 2022-இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. ஜெர்மானியக் குருக்கள் இருந்த 26-ஆம் எண் கொட்டடியில் ஒரு சிற்றாலயம் இருந்தது. காசநோயால் மெலிந்துபோயிருந்த திருத்தொண்டர் கார்ல் லைஸ்னருக்கு, அதே முகாமில் கைதியாக இருந்த பிரெஞ்சு ஆயர் ஒருவர் 1944-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் நாள் அங்கே இரகசியமாகக் குருப்பட்டம் கொடுத்தார். 1996-இல் லைஸ்னர் முத்திப்பேறு பெற்றவராக அறிவிக்கப்பட்டார்.

முகாமை ஒட்டி, மூலிகைகளும் வாசனைப் பொருள்களும் பயிரிடப்பட்ட பெரிய தோட்டம் ஒன்று இருந்தது. பெயர் கேட்க இனிமையானது, வேலையோ கொடியது. பசியோடும் அடியோடும், மழையிலும் பனியிலும் ஈரநிலத்தைக் கொத்திப் பண்படுத்திய பலர் அங்கேயே சுருண்டு விழுந்து மாண்டனர். குருக்களுள் பலருக்கு அங்கேதான் வேலை. நம் அடிகளாருக்கும் அங்கேதான்.

முள்வேலிக்குள் முளைத்த கன்றுகள்

அத்தகைய இடத்தில் அடிகளார் ஒரு காரியம் செய்தார். இரண்டு கொட்டடிகளுக்கு நடுவே இருந்த சிறு நிலத்தில் ஆப்பிள் கன்றுகளை வளர்த்தார். விதை முளைத்து வந்த கன்றுகளுள் நான்கைத் தேர்ந்து, புதிய இனங்களாகப் பேணினார். ஆண்டுக்கு ஒன்று என்று கணக்குச் சொல்வார்கள். வதை முகாம் என்பதற்கு ஜெர்மன் மொழியில் வழங்கும் சுருக்கெழுத்துகளையே அவற்றுக்குப் பெயராகச் சூட்டினார்: கே.இசட்.-1, கே.இசட்.-2, கே.இசட்.-3, கே.இசட்.-4. தமக்கு எண் இட்டவர்கள் நடத்திய முகாமின் பெயரையும் ஓர் எண்ணையும் அவர் கன்றுகளுக்கு இட்டதை நினைத்துப் பாருங்கள். பின்னாளில் எவர் அந்தப் பழத்தைக் கையில் எடுத்தாலும், அது எங்கே முளைத்தது என்று கேட்காமல் இருக்க முடியாது.

ஆப்பிள் விதை காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும் என்று முன்பே சொன்னோம். நாளை உயிரோடிருப்போமா என்று ஒருவருக்கும் தெரியாத இடத்தில், ஏழெட்டு ஆண்டுகள் கழித்துக் காய்க்கக்கூடிய ஒன்றை அவர் நட்டார். தாம் உண்பதற்காக நட்டிருக்க முடியாது. பசித்தவன் விதையைக்கூடத் தின்றுவிடுவான், அவரும் பசித்தவர்தாம். கடுகு விதையைப் பற்றியும் மண்ணில் விழுந்து மடியும் கோதுமை மணியைப் பற்றியும் நாம் ஆண்டுதோறும் பிரசங்கம் செய்கிறோம். அடிகளார் அதே பாடத்தை வாய் திறவாமல் இரு கொட்டடிகளுக்கு இடையே செய்து காட்டினார்.

அந்தக் கன்றுகள் முகாமைவிட்டு இரகசியமாக வெளியே வந்தன. தோட்டத்தில் பூவும் செடியும் வெளியாருக்கு விற்கும் கடை ஒன்று இருந்தது. ஃப்ரைசிங் கன்னியர் மடத்திலிருந்து யோசேஃபா மாக் என்னும் இளம்பெண், துறவற வாழ்வுக்குப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தவர், 1944 முதல் அங்கே வந்துபோனார். கைதிக் குருக்களுக்கு உணவும், மருந்தும், திருப்பலிக்கு வேண்டிய பொருள்களும் கொண்டுவந்து கொடுத்து, கடிதங்களை வெளியே கொண்டுசென்றவர் அவரே. லைஸ்னரின் குருப்பட்டத்திற்கு வேண்டிய பொருள்களும் அவர் கைவழியாகவே உள்ளே சென்றன. அடிகளாரின் கன்றுகளை வெளியே கொண்டுசெல்லவும் அவர் உதவினார் என்று சொல்லப்படுகிறது. பிடிபட்டிருந்தால் அவருக்கும் அதே முள்வேலிதான். நம் பங்கிலுள்ள இளம்பெண்கள் இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறோம்.

விடுதலை

1945-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். அமெரிக்கப் படைகள் நெருங்கிவந்தன. எல்சரை ஏப்ரல் 9-ஆம் நாள் டாஹாவிலேயே சுட்டுக் கொன்றார்கள். அவரும் அடிகளாரைப் போல ஸாக்ஸன்ஹவுஸன் வழியாகவே டாஹாவுக்கு வந்தவர். ஏப்ரல் 26-ஆம் நாள் ஏறத்தாழ 7,000 கைதிகளைத் தெற்கு நோக்கி நடக்கவைத்தார்கள். நடக்க முடியாமல் விழுந்தவர்களை வழியிலேயே சுட்டார்கள். அறுபது வயதை நெருங்கியிருந்த அடிகளாரும் அந்தக் கூட்டத்தில் நடந்தார். ஸ்டார்ன்பெர்க் ஏரிக்கரையிலுள்ள ஆவ்ஃகிர்ஹென் என்னும் ஊரை அடைந்தபோது தப்பி, அங்குள்ள மடத்தில் ஒளிந்துகொண்டார். ஏப்ரல் 29-ஆம் நாள் டாஹாவ் முகாம் விடுதலை பெற்றது.

அடிகளார் தம் பங்கான ஹோஹென்பெர்காவுக்கே திரும்பினார். எந்த ஊரில் காட்டிக்கொடுக்கப்பட்டாரோ அதே ஊரில் மறுபடியும் பூசை வைத்தார். அதே ஊர்ப் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். அதே ஊரில் இறந்தவர்களை அடக்கம் செய்தார். வேறு பங்கு வேண்டும் என்று ஒதுங்கிப் போகவில்லை. மேல் பவேரியப் பழ வளர்ப்போர் சங்கத்தின் தலைவராகவும் போருக்குப் பின் சில ஆண்டுகள் உழைத்தார். முகாமிலிருந்து வந்த கன்றுகளைப் பேணினார். படங்களைத் தொடர்ந்து வரைந்தார்.

முகாமில் அணிந்திருந்த பழைய மேலங்கியை அவர் எறிந்துவிடவில்லை. தோட்ட வேலை செய்யும்போது குளிருக்கும் மழைக்கும் அதையே போர்த்திக்கொள்வார் என்றும், அவர் இறந்தபோது அதோடேயே அவரை அடக்கம் செய்தார்கள் என்றும் சொல்வார்கள். பட்ட துன்பத்தை மறைக்கவும் இல்லை, அதைக் காட்டிப் பெருமை தேடவும் இல்லை. வேலைக்கு உதவும் ஓர் உடையாக அதை வைத்துக்கொண்டார்.

1966-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் நாள், தமது எண்பத்தோராம் வயதில், ஃப்ரைசிங் நகரில் அவர் இறைவனடி சேர்ந்தார். அந்நாட்டில் ஆப்பிள் பறிக்கும் மாதம் அது.

அவருக்குப் பின்

நான்கு இனங்களுள் கே.இசட்.-3 என்பதே பரவலாக வளர்க்கப்பட்டது. புளிப்பும் இனிப்பும் கலந்தது. சிவப்பு படர்ந்த தோல். நிலவறையில் நெடுநாள் கெடாமல் இருக்கும். 1985-ஆம் ஆண்டு, அடிகளாரின் நூற்றாண்டு விழாவின்போது, அதற்குக் கொர்பீனியன் ஆப்பிள் என்று புதுப் பெயர் சூட்டினார்கள். பவேரியாவில் பள்ளித் தோட்டங்களிலும், கோவில் வளாகங்களிலும், வீட்டுக் கொல்லைகளிலும் அந்த மரத்தை நடுகிறார்கள். நினைவுச் சின்னம் என்றால் கல்லில்தான் செதுக்க வேண்டும் என்பதில்லை. இது ஆண்டுதோறும் பூக்கிற நினைவுச் சின்னம்.

அவர் வரைந்த படங்கள் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. 2012-ஆம் ஆண்டு காஸல் நகரில் நடந்த டாகுமெண்டா என்னும் உலகப் புகழ்பெற்ற கலைக்கண்காட்சியில் அவை வைக்கப்பட்டன. பல நாடுகளிலிருந்து வந்த மக்கள், ஒரு கிராமக் குரு ஓய்வு நேரத்தில் வரைந்த ஆப்பிள்களின் முன் அமைதியாக நின்றார்கள். இறையியலில் குறைவு என்று ஒரு காலத்தில் எண்ணப்பட்டவர் அவர். அவர் கற்ற இறையியல் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை அந்த மரங்களைக் கண்டு அறிந்துகொள்ளலாம்.

நமக்குரிய பாடம்

இந்த வாழ்விலிருந்து நம் பங்குக்கு நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன?

முதலாவது, கடவுள் ஒருவருக்குக் கொடுத்த சிறு திறமையையும் அற்பமாக எண்ணலாகாது. தச்சு வேலை, தையல், பாட்டு, தோட்டம் எதுவாக இருந்தாலும், அது விசுவாச வாழ்வுக்கு வெளியே நிற்கிற பொழுதுபோக்கு அன்று. ஐக்னர் அடிகளாரை முகாமில் மனிதராக வைத்திருந்தது செபமும் அந்தக் கன்றுகளும் சேர்ந்தே என்று நாம் நம்புகிறோம்.

இரண்டாவது, பிள்ளைகளிடம் உண்மை பேச வேண்டும். பெற்றோர்களே, உபதேசியார்களே, ஆசிரியர்களே, ஊரெல்லாம் ஒரு பொய்யை உண்மை என்று சொல்லும் நாட்கள் எந்த நாட்டிலும் வரலாம். அன்று நம் பிள்ளைகள் நம் முகத்தைப் பார்ப்பார்கள். நாம் எல்லாவற்றுக்கும் விடை தெரிந்தவர்களாக இருக்க வேண்டியதில்லை. தெரியாததைத் தெரியாது என்றும், தவறென்று அறிந்ததைத் தவறென்றும் சொன்னால் போதும். அதற்கு விலை உண்டு என்பதையும் இந்த வரலாறு மறைக்கவில்லை.

மூன்றாவது, பலனைக் காணாமலே நட வேண்டும். இந்தக் கோவிலுக்கு அடிக்கல் இட்டவர்களுள் பலர் இன்று கல்லறைத் தோட்டத்தில் துயில்கிறார்கள். அவர்கள் சுமந்த கல்லும் கொடுத்த காசும் நமக்காக. அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் நூற்றாண்டு விழாக் கொண்டாடுகிறவர்கள் நம் முகத்தை அறியமாட்டார்கள். நாம் நட்டதைத்தான் அறிவார்கள். ஆகவே பொன்விழா ஆண்டில் ஒவ்வொரு அன்பியமும், ஒவ்வொரு குடும்பமும் தத்தம் மண்ணுக்கு ஏற்ற ஒரு பழக்கன்றை வீட்டில் நட்டு வளர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். கொல்லை இல்லாதவர்கள் கோவில் வளாகத்தில் ஓர் இடம் கேட்டு வரலாம். நடுவது ஒரு நாள் வேலை. தண்ணீர் ஊற்றிக் காப்பதுதான் பக்தி.

படைப்புக்கெல்லாம் ஆண்டவராகிய இறைவன் நம் வீடுகளையும் மரங்களையும் ஆசீர்வதிப்பாராக. டாஹாவில் மாண்ட குருக்களின் ஆன்மாக்களும், நம் பங்கைத் தொடங்கி வளர்த்து மறைந்த குருக்கள், உபதேசியார்கள், பங்குமக்களின் ஆன்மாக்களும் நித்திய இளைப்பாற்றி அடைவனவாக.